முள்ளின் காதில் ஒரு கண்ணி

தூண்டில் முள்ளை நூலோடு பிணைக்கும் முடிச்சுகள் எண்ணற்றவை எனினும், முள்ளின் காதை அவை எவ்வாறு பற்றுகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டே இனத்துள் அடங்கிவிடும். முள்ளின் தண்டு முடியுமிடத்தில் கம்பியை வளைத்து அமைத்த வளையமே காது. அக்காதை ஒட்டி இறுகி, நூலுக்கும் முள்ளுக்கும் இடையே அசைவுக்கு இடமே வைக்காத முடிச்சுகள் ஓர் இனம். காதின் வழியாக ஒரு திறந்த வளைவை விட்டுவைத்து, அவ்வளைவின் கழுத்தில், காதைவிட்டுச் சற்றுத் தள்ளி இறுகும் முடிச்சுகள் மற்றோர் இனம். பின்னதே கண்ணி முடிச்சு. அது ஏன் தேவைப்பட்டது, எந்த விசையால் நிற்கிறது, எங்கே அறுகிறது என்பவற்றை இவ்வுரை ஆராய்கிறது. ஒரு முடிச்சு நல்லதா அல்லதா என்பதை அது போடப்படும் நூலே தீர்மானிக்கிறது என்பதும், ஆகவேதான் நூல் மாறிய ஒவ்வொரு காலத்திலும் முடிச்சும் கூடவே மாற வேண்டியிருந்தது என்பதும் இவ்வாராய்ச்சியின் ஊடே தெளிவாகும்.

திறந்த கண்ணி தேவைப்படுவதற்கு முதற்காரணம் நூலின் விறைப்பு. உருளை வடிவான ஓர் இழையின் விட்டத்தை இரு மடங்காக்கினால், குறுக்குவெட்டுப் பரப்பின் கணக்குப்படி அது தாங்கும் பாரம் 4 மடங்காகிறது. ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவதால், அதனை வளைக்கத் தேவைப்படும் விசையோ 16 மடங்காகிவிடுகிறது. பல்லுள்ள மீனுக்கும் பாறைக்கும் அஞ்சி, முள்ளுக்கு முன்னால் தடித்த நரம்பு ஒன்றை இணைப்பது வழக்கம். அதனை லீடர் என்பர். அத்தடித்த நரம்பைக் காதோடு ஒட்டி இறுக்கிக் கட்டினால் முள்ளும் நரம்பும் ஒரே குச்சியாகிவிடுகின்றன. இரையாக மாட்டிய சிறுமீன் தன் போக்கில் திரும்ப முடியாது. செயற்கை இரையானால் அது நீரில் ஆடவே ஆடாது. கண்ணி இருந்தாலோ நரம்பு எவ்வளவு விறைப்பாக இருப்பினும் காது அதன் வளைவுக்குள் தடையின்றிச் சுழல்கிறது.

இதற்குத் தெளிவான சான்று பின்லாந்திலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் பையன்னே ஏரியில் தொழில் செய்த லௌரி ரபாலா என்ற மீனவர், சிறுமீன் கூட்டத்தைத் தாக்கும் பெரிய மீன், நேராக நீந்துபவற்றை விட்டுவிட்டுத் தடுமாறி நீந்தும் ஒன்றையே குறிவைப்பதைக் கவனித்து, 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, இனிப்புப் பண்டம் சுற்றிவந்த பளபளப்பான தாளை அதன்மேல் ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசி, அதே தடுமாற்றத்தோடு நீந்தும் செயற்கை இரை ஒன்றைச் செய்தார். அந்த இரையின் பயன் முழுவதும் அது ஆடும் ஆட்டத்தில் இருந்தமையால், மூக்கில் நூலை இறுக்கிக் கட்டுவது அதனைக் கொல்வதற்குச் சமமாயிற்று. அவ்வகை இரைகளைக் கட்டப் பரிந்துரைக்கப்பட்ட திறந்த கண்ணி முடிச்சு இன்றும் ரபாலா முடிச்சு என்றே வழங்குகிறது.

கண்ணியின் கதை நைலானுக்கு வெகு முன்னரே தொடங்குகிறது. ஐசக் வால்டன் தூண்டில் பற்றிய தம் புத்தகத்தை வெளியிட்ட 1653ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தூண்டில் கயிறு என்பது குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்ததாகவே இருந்தது. பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டின் மூர்சியாப் பகுதி புதியதோர் இழையைத் தந்தது. கூடு கட்டும் பருவத்துப் பட்டுப்புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, உடலைப் பிளந்து, உள்ளிருக்கும் பட்டுச் சுரப்பியைக் கையால் இழுத்து நீட்டி உலர்த்தினால் கிடைக்கும் ஒற்றை இழை அது. பார்வைக்கு மெல்லியது, வலிமையும் மிக்கது; ஆனால் புழு ஒன்றின் சுரப்பி ஓரடியோ ஒன்றரை அடியோதான் நீளும் என்பதால், பல துண்டுகளை முடிந்தே, முள்ளுக்கு முன்னால் வரும் ஒரு முன்நூலை ஆக்க வேண்டும். உலர்ந்த நிலையில் அது முறியும். ஆகவே கட்டுவதற்கு முன் நீரில் நெடுநேரம் ஊறவைப்பர். முன்நூலின் முனையில் ஒரு கண்ணியை நிரந்தரமாகப் போட்டுவைத்து, மறுமுனையில் முள்ளைக் கட்டி, தேவைப்படும்போது கண்ணியை மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இத்தகைய இழையோடு நன்கு பொருந்தியது. அதற்குப் பயன்பட்டதே பர்ஃபெக்ஷன் லூப் எனப்படும் கண்ணி. தாய் நூலின் நேர்கோட்டிலேயே வளைவு அமைந்து, ஒருபுறமும் சாயாமல் நிற்பது அதன் தனிச்சிறப்பு. முள்ளின் காதைக் கண்ணிக்குள் வைத்து அதனைப் போடுவது எளிதன்று என்பது அதன் குறை.

அக்காலத்து முட்கள் பலவற்றுக்குக் காதே இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளல் வேண்டும். தட்டையாக அடிக்கப்பட்ட தலையோ, வெறுந்தண்டோ உடைய முள்ளின்மேல் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதே முறையாக இருந்தது. இங்கிலாந்தின் ரெடிச் நகரப் பட்டறைகளிலும், 1877ஆம் ஆண்டில் தானியங்கி முள் இயந்திரத்தை இயக்கத் தொடங்கிய நார்வே நாட்டின் முஸ்டாட் நிறுவனத்திலும் கம்பி முட்கள் பெருமளவில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதுள்ள முட்கள் பரவிய பின்னரே, முள்ளின் காதில் கண்ணி போடுவது என்ற பேச்சுக்கு முழு இடம் ஏற்பட்டது.

நைலானின் வருகை இவையனைத்தையும் கலைத்துப் போட்டது. டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினரால் 1935இல் உருவாக்கப்பட்டு, 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இப்பொருள், மறு ஆண்டிலேயே ஒற்றையிழைத் தூண்டில் நரம்பாகச் சந்தைக்கு வந்தது. தமிழகத்தில் நரம்பு என்றும் ஈழத்துக் கரைகளில் தங்கூசி என்றும் அழைக்கப்படுவது இதன் வழிவந்ததே. திரித்த கயிற்றின் சொரசொரப்பு இதற்கு இல்லை, மேற்பரப்பு வழவழப்பானது, போதாக்குறைக்கு, வளைத்ததும் மீண்டும் நேராகத் துடிக்கும் இயல்பும் உண்டு. கப்பலோட்டிகள் உயிரையே நம்பி ஒப்படைக்கும் போலைன் என்ற புகழ்பெற்ற கண்ணி, சணல் கயிற்றில் மலைபோல் நிற்பது, இந்நரம்பில் நழுவிக் கழன்றுவிடுகிறது. கிளிஃபர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்க ஓவியர் ஏறத்தாழ 3,900 முடிச்சுகளைத் திரட்டி 1944இல் வெளியிட்ட பெருந்தொகை இன்றளவும் முடிச்சுகளுக்கு இலக்கணம் போன்றது. ஆயினும் நைலான் நரம்பு பரவலாவதற்கு முன் தொகுக்கப்பட்டதாகையால், அதிலுள்ள கண்ணிகளை இன்றைய நரம்பில் போடுபவர் ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்த பின்னரே நம்புதல் நலம்.

வழவழப்பான நூலில் முடிச்சு எவ்வாறு நிற்கிறது? விடை உராய்வில் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலின் வடத்தைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், மறுமுனையை ஒருவரே கையால் பிடித்துக் கப்பலை நிறுத்திவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லரும் அவருக்குப் பின் ஜெர்மானியப் பொறியாளர் ஐடெல்வைனும் வகுத்த விதி இதன் கணக்கைத் தருகிறது: ஒரு நூல் தாங்கும் இழுவிசை, அது சுற்றப்பட்ட கோணத்தையும் உராய்வுக் குணகத்தையும் பெருக்கிவரும் எண்ணின் அடுக்குக்குறிப்படி பெருகுகிறது. உராய்வுக் குணகம் என்பது இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு. அது 0.2 ஆக இருந்தால், ஒரு சுற்று இழுவிசையை 3.5 மடங்கும், மூன்று சுற்று 43 மடங்கும் ஆக்குகின்றன. அதாவது நுனியில் 100 கிராம் பிடிப்பு இருந்தால் மறுபுறம் 4.3 கிலோ நிற்கும். குணகம் பாதியாகி 0.1 ஆனால், அதே மூன்று சுற்று 6.6 மடங்கையே தரும். பழைய 43 மடங்கைப் பெற ஆறு சுற்று வேண்டும். நூல் வழுக்கினால் சுற்றைக் கூட்டு என்று மீனவர் அனுபவத்தில் சொல்லிவந்ததை இவ்விதி எண்ணிலேயே காட்டிவிடுகிறது. தூணின் தடிப்பு இச்சூத்திரத்தில் இடம்பெறவே இல்லை என்பதும் கருதத்தக்கது. முடிச்சில் தூண் வெளியிலிருந்து வருவதில்லை; தாய் நூலே தூணாகி, தன்மேல் சுற்றிய தன் நுனியாலேயே நெரிக்கப்படுகிறது.

இவ்விதியை நன்கு பயன்படுத்திக்கொண்ட கண்ணி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த லெஃப்டி கிரே (1925–2018) பரப்பிய இறுகாக் கண்ணியாகும். அவர் மார்க் சோசினுடன் சேர்ந்து முடிச்சுகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1972இல் வெளிவந்தது. அவர் வடிவமைத்த செயற்கை இரை ஒன்றின் படத்தை அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. அவருக்கு முன் ஃபுளோரிடாவின் ஹோமர் ரோட் பெயரால் வழங்கிய கண்ணி, இரண்டே ஒற்றை முடிச்சுகளால் ஆனது. நொடியில் போட்டுவிடலாம், ஆனால் நரம்பின் வலிமையில் பாதியளவே தேறும். மிகத் தடித்த லீடரில் அந்த இழப்பு உறைக்காது. மெல்லிய நரம்பிலோ மீன் போய்விடும்.

கிரேயின் கண்ணியைப் போடும் முறை இது. நுனியிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விட்டு நரம்பில் ஓர் ஒற்றை முடிச்சைப் போட்டு, அதனை இறுக்காமல் வட்டமாகவே விட்டுவைக்க வேண்டும். நுனியை முள்ளின் காதுக்குள் நுழைத்துத் திருப்பி, அந்த வட்டத்துக்குள், முன்னர் எந்தப் பக்கமாக வெளிவந்ததோ அதே பக்கமாகச் செலுத்த வேண்டும். வட்டத்தைக் காதுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவருகிறோம் என்பதே கண்ணியின் அளவை முடிவுசெய்வதால், இந்த நிலையிலேயே அதனை விரலால் நகர்த்திச் சரிசெய்துகொள்வர். பின்னர் நுனியைத் தாய் நூலின்மேல் வேண்டிய அளவு சுற்றி, மீண்டும் அதே வட்டத்துக்குள், வந்த பக்கமாகவே திருப்பிச் செலுத்திவிட்டால் நெசவு முடிந்தது. எஞ்சியது இறுக்குதல். முடிச்சை ஈரமாக்கி, முதலில் நுனியை மெல்ல இழுத்துச் சுற்றுகளை வரிசையாக அமரச் செய்து, அதன்பின் கண்ணியையும் தாய் நூலையும் எதிரெதிராக ஒரே சீரான விசையில் இழுக்க வேண்டும். பக்கம் தவறினால் கண்ணி கோணலாகி நிற்கும். தொடக்கத்தில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

சுற்றுகளின் எண்ணிக்கைக்கு வழங்கும் அளவு, 3 கிலோவுக்கும் குறைவான பாரம் தாங்கும் நரம்புக்கு ஏழு, 4 அல்லது 5 கிலோவுக்கு ஐந்து, 7 முதல் 18 கிலோ வரை நான்கு, 25 கிலோ அளவில் மூன்று, அதற்கும் மேல் இரண்டு என்பதாகும். தூணின் தடிப்பு கணக்கில் இல்லை என்றால், தடித்த நரம்புக்கு ஏன் சுற்று குறைகிறது என்ற ஐயம் எழக்கூடும். உராய்வு விதி, சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்தி அமர்ந்துவிட்டதாகக் கொண்டே பேசுகிறது. பதினாறு மடங்கு விறைத்த நரம்பில் ஏழு சுற்றையும் அவ்வாறு அமர்த்தக் கைவிசை போதாது. அமராத சுற்று இருந்தும் இல்லாததே. ஆகவே தடித்த நரம்பில் அமர்த்தக்கூடிய இரண்டு சுற்று, அமராத ஏழு சுற்றைவிட மேல்.

ஈரமாக்குதல் சடங்கன்று. உலர்ந்த நரம்பு தன்மேல் தானே உரசி வேகமாக இறுகும்போது, மில்லிமீட்டருக்கும் குறைந்த இடத்தில் வெப்பம் திரண்டு, மேற்பரப்பு மென்மையுற்றுச் சிதைகிறது. தூண்டில்காரர் பெரும்பாலோர் நாக்கையே இதற்குப் பயன்படுத்துவது கண்கூடு. நகரத்துக் கழிமுகங்களின் நீர் இன்றிருக்கும் நிலையில், அந்நீரில் தோய்ந்த நரம்பை வாயில் வைப்பதைவிடக் கைப்புட்டியில் இருக்கும் குடிநீரை ஒரு சொட்டு விடுவது மேல் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

முடிச்சு அறுகும்போது எங்கே அறுகிறது என்பது நெடுங்காலம் கைத்தொழிலாளரின் அனுபவ அறிவாகவே இருந்து, அண்மையில்தான் இயற்பியலாளர் கவனத்தைப் பெற்றது. 1999இல் சைட்டாவும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ ஏட்டில் வெளியிட்ட கணினி ஆய்வு, ஒற்றைப் பாலிமர் சங்கிலியில் முடிச்சு விழுந்தால் அதன் வலிமை பெரிதும் குன்றுகிறது என்றும், முடிச்சின் நுழைவாயிலிலேயே சங்கிலி அறுகிறது என்றும் காட்டியது. 2001இல் போலந்தின் பியோத்ர் பியரான்ஸ்கியும் சுவிட்சர்லாந்து அறிஞர்களும் தூண்டில் நரம்பையும் வேகவைத்த ஸ்பகெட்டியையும் முடிந்து இழுத்து, நூல் முடிச்சுக்குள் நுழையும் இடமே அறுபடும் இடம் என்பதை ஆராய்ந்தனர்.  காரணம் சிக்கலானதன்று: நேராக வரும் நூல் திடீரென வளையும் இடத்தில், வளைவின் வெளிப்புறத்து இழைப்பகுதி முழு இழுவிசையையும் தாங்குவதோடு கூடுதலாக நீட்டப்படவும் செய்கிறது. முடிச்சின் உள்ளே சென்ற பிறகோ, உராய்வு இழுவிசையைப் படிப்படியாகத் தின்றுவிடுவதால் அங்கே பளு குறைவு. ஆகவே வலிய முடிச்சு என்பது, அந்த நுழைவாயிலில் வளைவைக் கூர்மையாக்காமல், பளுவைப் பல சுற்றுகளின்மேல் மெல்ல இறக்கிவைக்கும் முடிச்சே.

இதன் உச்சநிலை, பஹாமாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிமினியின் பெயர் தாங்கிய பிமினி முறுக்கு. நூலை மடித்து இருபது சுற்று அளவில் முறுக்கி, அம்முறுக்கின்மேல் நுனியை மீண்டும் சுற்றி அமைக்கும் இந்த நீண்ட கண்ணியில், நூலின் வலிமை ஏறக்குறைய முழுவதும் தங்கிவிடுகிறது. ஆழ்கடலில் பெருமீன் பிடிப்போர் இதனை முள்ளின் காதில் போடுவதில்லை. தாய் நூலின் முனையை இரட்டையாக்கவே போடுகின்றனர்.

முடிச்சுப் பட்டியல்களில் ஒவ்வொரு முடிச்சுக்கும் நேரே அச்சிடப்படும் விழுக்காடுகளைப் பற்றி ஒரு சொல். உலர்ந்த நரம்பா, நனைந்ததா, மெல்ல இழுத்ததா, வெட்டி இழுத்ததா, எந்த நிறுவனத்தின் எந்தத் தடிப்பு என்பவற்றைச் சொல்லாத விழுக்காடு விளம்பரத்துக்கு உதவும், அறிவுக்கு உதவாது. நைலான் நீரை உறிஞ்சி, நனைந்தபின் வலிமையில் ஒரு பங்கை இழப்பது. 1939இல் தோன்றிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சாதனைகளைப் பதிவுசெய்யும்போது நூலை நனைத்தே சோதிப்பது இக்காரணத்தாலேயே.

இதுவரை கூறியவை இறுகாக் கண்ணிகள். சுருங்கும் கண்ணியும் உண்டு. நார்மன் டங்கன் பெயரால் அறியப்பட்டு, விக் டனவே யூனி என்ற பெயரில் பரப்பிய முடிச்சை முழுதும் இறுக்காமல் விட்டால், காதில் ஒரு திறந்த வளைவு நிற்கும். மீன் கொத்தி இழுத்ததும் முடிச்சு தாய் நூல்வழி வழுக்கிக் காதோடு வந்து சேரும். அந்த வழுக்கலே முதல் அதிர்ச்சியை ஓரளவு உறிஞ்சிவிடுகிறது என்பர் இதன் ஆதரவாளர். எனினும் ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் நகத்தால் அதனைப் பின்தள்ளிக் கண்ணியை விரிக்கவேண்டியிருக்கிறது. அவ்வாறு தள்ளப்பட்ட நரம்பு ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. செயற்கை இரையின் ஆட்டமே நோக்கமாயின் இறுகாக் கண்ணியே தக்கது.

கண்ணியோடு கண்ணியை மாட்டுவது தனியொரு நுட்பம். முள் கட்டிய துண்டின் கண்ணிக்குள் தாய் நூலின் கண்ணியை நுழைத்து, முள்ளைத் தாய் நூலின் கண்ணிக்குள் முழுதும் செலுத்தி இழுத்தால், இரு வளைவுகளும் சம அளவில் வளைந்து ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். கவனமின்றி இழுத்தால் ஒரு கண்ணி நேராக நின்று, மற்றது அதன் கழுத்தைச் சுற்றி நெரித்துக்கொள்ளும். தோற்றத்தில் வேறுபாடு சிறிதே எனினும், அந்நெரிப்பு கூர்மையான வளைவாகையால் நரம்பை வெகுவிரைவில் அறுத்துவிடும். ஒரே நூலில் பல முட்கள் தொங்க வேண்டுமாயின், நூலின் நடுவிலேயே பக்கவாட்டில் நீட்டிநிற்கும் கண்ணிகளைப் போடுவர். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் விடும் நெடுந்தூண்டிலில், தாய்க்கயிற்றிலிருந்து கிளைக்கயிறுகள் இறங்கி ஒவ்வொன்றிலும் ஒரு முள் தொங்கும். வடபசிபிக் ஹாலிபட் மீன்பிடிப்பிலோ தாய்க்கயிற்றின் புரிகளுக்குள் செருகிய சிறு கயிற்றுக் கண்ணிகளில் கிளைக்கயிறுகளைப் பிணைப்பது பழைய முறை. சுறாவின் பல்லுக்கு நரம்பு நில்லாது என்பதால் சுறாவுக்கு விடும் தூண்டிலில் முள்ளை ஒட்டி உலோகக் கம்பி வருகிறது. கம்பியில் முடிச்சு போடுவதற்கு மாறாக உலோகக் குழலை நசுக்கியே கண்ணியை அமைப்பர்.

நூல் மாறினால் முடிச்சும் மாறும் என்பதற்கு அண்மைச் சான்று பின்னல் நூல். மிக நீண்ட மூலக்கூறுகளையுடைய பாலிஎத்திலீனைக் கூழ்நிலையில் நூற்கும் முறையை நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் 1979இல் காப்புரிமை செய்தது. அதிலிருந்து 1990களில் தூண்டில் நூல் வந்தது. அதே தடிப்பில் நைலானைவிடப் பன்மடங்கு வலிது, நீரில் மிதப்பது, ஆனால் உராய்வோ மிகக் குறைவு, 150 பாகை செல்சியஸை எட்டுமுன்பே உருகத் தொடங்குவது. கிரேயின் கண்ணியை அதில் நான்கு சுற்றோடு போட்டால் பெரும்பாலும் நழுவும். ஆகவே பின்னல் நூலை முள்ளில் நேரடியாகக் கட்டுவோர், நூலை இரட்டையாக்கிக் காதில் நுழைத்து, ஒற்றை முடிச்சிட்டு, மடிப்பின் வளைவை முள்ளின்மேல் தாண்டச் செய்து இறுக்கும் பாலோமர் முடிச்சை நாடுகின்றனர். கண்ணியும் வேண்டும் என்போர், பின்னல் நூலுக்கு முன்னால் ஃபுளூரோகார்பன் நரம்பை இணைத்து அதிலேயே கண்ணியைப் போடுகின்றனர். ஜப்பானின் குரேகா நிறுவனம் 1971இல் தூண்டிலுக்கு அறிமுகப்படுத்திய இந்நரம்பின் ஒளிவிலகல் எண் 1.42, நீருடையது 1.33, நைலானுடையது 1.5க்கு மேல். ஆகவே நீரில் இது குறைவாகவே தெரியும். விறைப்பும் கடினமும் நைலானைவிட மிகுதி. விறைப்பு மிகுந்ததாலேயே கண்ணியின் தேவையும் இதில் மிகுதி.

மீன் போனபின் கையில் மிஞ்சும் நூலின் முனையும் படிக்கத்தக்கதே. முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறுகவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. அடுத்த முறை ஒரு சுற்று கூட்டவேண்டும், அல்லது இன்னும் நன்றாக அமர்த்தவேண்டும். சுருளின்றி முடிச்சு இருந்த இடத்திலேயே முறிந்திருந்தால், இறுக்கும்போது உலர்ந்திருந்ததா என்று ஐயுறல் தகும். முனைக்கு மேலே விரலளவு சொரசொரப்பாக இருந்தால் பாறையோ, முள்ளின் காதில் கம்பி முழுதும் சேராத இடைவெளியோ தேய்த்திருக்கும். மலிவான முட்களில் அவ்விடைவெளி மெல்லிய நரம்பு புகுந்து சிக்கும் அளவுக்கு இருப்பதுண்டு, அத்தகைய முள்ளில் கண்ணி முடிச்சு சுழன்று சுழன்று அங்கேயே வந்து மாட்டிக்கொள்ளும். கத்தரியால் வெட்டியது போல் நேர்த்தியாக இருந்தாலோ அது பெரும்பாலும் பேத்தை மீனின் வேலை. அதற்கு எந்த முடிச்சும் பொறுப்பாகாது.